சுற்றுலா விசாவில் டர்பனுக்கு வந்து நர்ஸ் வேலையில் சேர முடியுமா?

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர். ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அக்கா திருமணமாகித் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். நாகர்கோவிலில் ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் ரூபாய் கேட்கிறாராம். சுற்றுலா விசாவில் அனுப்பிவைப்பார். போனதும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார். மூன்று மாதத்துக்குள் அங்கேயே நர்ஸ் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறாராம். முன்பணம் 40,000 ரூபாயும் பாஸ்போர்ட்டும் கொடுத்தாகிவிட்டது. போகலாமா என்பது கேள்வி.

போகக் கூடாது. மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலையில் நாகர்கோவிலுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. தர மறுத்தால், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். முன்பணம் திரும்ப வருமா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் மதுரைக்காரி. ஐ.சி.யூ. நர்சாக 2009இல் டர்பனுக்கு வந்தேன். இங்குள்ள தனியார் மருத்துவமனைக் குழுமங்கள் இந்தியாவுக்கு வந்து நேர்காணல் நடத்தி நர்சுகளைக் கூட்டமாக அழைத்துவந்த காலம் அது. அப்படி வந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கதையை வைத்து இன்னும் பணம் பறிக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், நீங்கள் சொல்லும் இதே வழியில் வந்த ஒரு பெண் என் வீட்டில் பதினேழு நாள் தங்கியிருந்தாள். முதியோர் இல்லத்தில் பகலும் இரவும் வேலை வாங்கியவர்கள் சம்பளம் என்று எதுவும் தரவில்லை. சாப்பாடும் ஒரு கட்டிலும்தான். அவளுடைய பையில் ஒரு வெள்ளைச் சீருடை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. டர்பனில் முதல் நாள் டூட்டிக்குப் போட்டுக்கொள்ள அம்மா எடுத்து வைத்ததாம். ஒரு முறைகூட அவள் அதைப் போடவில்லை.

அவளிடம் ஏஜென்ட் மறைத்தது சட்டத்தில் வெளிப்படையாக இருக்கிறது. 2014இல் வந்த குடிவரவு விதிமுறைகளின்படி, பார்வையாளர் விசாவில் வந்தவர் இங்கே இருந்துகொண்டே அதை வேலை விசாவாக மாற்ற முடியாது. தென்னாப்பிரிக்கக் குடிமகனையோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவரையோ மணந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சில விலக்குகள் உண்டு. மற்றவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசாக் காலம் கடந்தும் தங்கிவிட்டால் சிக்கல் பெரிதாகிறது. 30 நாள் வரை கூடுதலாகத் தங்கியவருக்குப் பன்னிரண்டு மாதமும், அதற்கு மேல் தங்கியவருக்கு ஐந்து ஆண்டும் இந்த நாட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்படும். அந்தப் பெண் 41 நாள் கூடுதலாகத் தங்கியிருந்தாள். டர்பன் விமான நிலையத்தில் அவள் கையில் கொடுத்த தாளை வாங்கிப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. முறையாகப் படித்து முறையாகப் பதிவு செய்த ஒரு நர்ஸ், ஐந்து ஆண்டுக்கு விரும்பத்தகாதவர் என்று அதில் எழுதியிருந்தது.

அக்கா இருக்கிறாரே, அவர் பெயரில் உறவினர் விசா எடுக்கலாமா என்று அடுத்து நினைப்பீர்கள். உடன்பிறந்தவர்களுக்கு உறவினர் விசா என்று ஒன்று இருப்பது உண்மைதான். அதில் வந்து தங்கலாம், வேலை செய்யக் கூடாது. அக்கா உங்களுக்குச் செய்யக்கூடிய உதவிகள் வேறு இருக்கின்றன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நேர் வழி. முதலில் பதிவு, அடுத்து வேலை, கடைசியாக விசாவும் டிக்கெட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பதிவு என்று நான் சொல்வது தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலில் பெயர் ஏறுவதை. பிரிட்டோரியாவில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 33ஆம் எண் நர்சிங் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. இதில் பெயர் இல்லாமல் இந்த நாட்டில் யாரும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு வேலை செய்ய முடியாது. ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆகவே “எங்கள் மூலம் போன நர்ஸ் அங்கே வேலை செய்கிறார்” என்று ஏஜென்ட் யார் பெயரையாவது சொன்னால், அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வெளிநாட்டில் படித்தவர் நேராகக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க முடியாது. முதலில் தேசிய சுகாதாரத் துறையில், வெளிநாட்டு மருத்துவப் பணியாளர்களுக்கென்றே இருக்கும் பிரிவின் ஆதரவுக் கடிதம் வேண்டும். உண்மையான வாசல் இதுதான். மிகக் குறுகலான வாசலும் இதுதான். வளரும் நாடுகளிலிருந்து மருத்துவர்களையும் நர்சுகளையும் தனித்தனியாக ஆள்பிடித்து வருவதில்லை என்பது இந்த அரசின் கொள்கை. அரசுக்கும் அரசுக்கும் ஒப்பந்தம் இருந்தால் வருவார்கள். 1996 முதல் கியூபா மருத்துவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். உலக சுகாதார அமைப்பும் 2010இல் இது பற்றி ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. ஏழை நாட்டின் மருத்துவமனையைக் காலி செய்து தன் மருத்துவமனையை நிரப்பாதே என்பதுதான் அதன் சாரம். கொள்கையாக அது எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் வள்ளியூரில் இருந்து விண்ணப்பிக்கும் உங்களுக்கு, கேட்ட மாத்திரத்தில் அந்தக் கடிதம் வந்துவிடாது. உங்களை எடுத்துக்கொள்ள ஒரு நிறுவனம் உண்மையிலேயே தயாராக இருந்து, அந்த வேலைக்கு இங்கே ஆள் இல்லை என்று காட்ட முடிந்தால்தான் பேச்சு நகரும்.

கடிதம் கிடைத்தபின் பிளஸ் டூ சான்றிதழையும் பட்டத்தையும் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம் மதிப்பிட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் தரும் பாடவாரி விவரத் தாளான டிரான்ஸ்கிரிப்ட், தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலின் சரிபார்ப்புக் கடிதம், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று எல்லாம் சேர்ந்து கவுன்சிலுக்குப் போகும். அவர்கள் உங்கள் பாடத்திட்டத்தை மணிக்கணக்கில் கூட்டிப் பார்ப்பார்கள். நம் பி.எஸ்சி. நர்சிங் இங்கே நன்றாக நிற்கும் படிப்பு. பொது நர்சிங், மகப்பேறு, மனநலம், சமூக நலம் நான்கும் அதில் இருக்கின்றன. இங்கே நெடுங்காலம் நடந்த நான்காண்டுப் படிப்பிலும் இவை நான்கும்தான் இருந்தன. இங்குள்ள நர்சுகளின் தோள்பட்டையைப் பார்த்தால் இது புரியும். மெரூன் நிறப் பட்டை, அதன் மேல் சிறு சிறு கோடுகள். பச்சைக் கோடு மகப்பேறு, கருநீலம் மனநலம், மஞ்சள் சமூக நலம். ஒருவரிடம் பேசுவதற்கு முன்பே அவர் என்ன படித்திருக்கிறார் என்று தோளிலேயே படித்துவிடலாம். எனக்கு அந்தப் பட்டை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரான்ஸ்கிரிப்டில் பாடங்களின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்பது தெளிவாக இருக்க வேண்டும். மனநலப் பயிற்சி எந்த மருத்துவமனையில் நடந்தது என்பதையும் கல்லூரி முதல்வரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் எதையும் லேமினேஷன் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போன அசல் தாளில் முத்திரையும் வைக்க முடியாது, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசுச் சான்றான அபோஸ்டிலை ஒட்டவும் முடியாது. நான் சொன்னேனே, அந்தப் பெண்ணுடைய கவுன்சில் சான்றிதழ் பளபளவென்று லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் இதில்தான் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு இனிஷியல். பட்டத்தில் ஊரின் முதல் எழுத்தும் சேர்ந்து இரண்டு. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப்பெயர் இடத்தில் இருந்தது. கவுன்சில் பதிவில் திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர். நமக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. பிரிட்டோரியாவில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கோ இவர்கள் நான்கு வெவ்வேறு பெண்கள். என் கோப்பு இந்த ஒரே காரணத்துக்காக ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் கிடந்தது. மாதாமாதம் தொலைபேசியில் கேட்பேன். “பெயர் பொருந்தவில்லை” என்ற ஒரே பதில்தான் வரும். கடைசியில் மதுரையில் ஒரு நோட்டரி முன் நான்கு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எழுதி அனுப்பிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இதை முதல் நாளே செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

இதைப் பற்றி ஒரு முறை சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெரியவரிடம் புலம்பினேன். தன் குடும்பத்தில் படையாட்சி இங்கே வந்து ‘படையாச்சி’ ஆனதையும், முதலியார் ‘மூட்லி’ ஆனதையும், கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதையும் அவர் சொன்னார். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் இறங்கியவர்களின் பெயர்களை எழுதியவர், தன் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். அந்தப் பெயர்களைத்தான் இன்று ஐந்தாறு தலைமுறையாகச் சுமக்கிறார்கள். உங்கள் பெயரை நீங்களே சரியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இனி வேலை நிலவரம். இதைத்தான் எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார். இந்த நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை உண்மை. அதே நேரத்தில் படித்து முடித்த நர்சுகளும் டாக்டர்களும் வேலையில்லாமல் இருப்பதும் உண்மை. அரசிடம் சம்பளத்துக்குப் பணம் இல்லாததால் காலியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சோவலேடி 1,200 டாக்டர்கள், 200 நர்சுகள், 250 பிற பணியாளர்களை எடுக்கப்போவதாக அறிவித்தார். ஒன்பது மாகாணங்கள் கொண்ட நாட்டுக்கு 200 நர்சுகள்! அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டதால், எச்.ஐ.வி. திட்டங்களில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களும் இப்போது இதே வரிசையில் நிற்கிறார்கள். அரசு மருத்துவமனை விளம்பரங்களில் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான் முன்னுரிமை. ஆகவே பொது வார்டு நர்சாக இந்தியாவிலிருந்து வருவது இப்போது ஏறக்குறைய நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிறப்புப் பயிற்சி உள்ளவர்களின் நிலை வேறு. ஐ.சி.யூ., அறுவை அரங்கு, சிறுநீரகம் போன்ற பிரிவுகளில் அனுபவம் உள்ள நர்சுகளைத் தனியார் மருத்துவமனைகள் தேடிக்கொண்டே இருக்கின்றன. நாட்டில் போதிய ஆள் கிடைக்காத பணிகள் என்று அரசு வெளியிடும் அருந்திறன் பட்டியலில் 2022 ஆகஸ்டில் மருத்துவத் துறைப் பணிகள் சேர்க்கப்பட்டன. உங்கள் பணி அந்தப் பட்டியலில் இருந்தால், அதற்கான விசா ஐந்தாண்டு வரை கிடைக்கும். 2024 அக்டோபரில் வேலை விசாவுக்குப் புள்ளி முறை வந்தது. 100 புள்ளி வேண்டும்; பட்டியலில் உள்ள பணிக்கு அந்த 100 அப்படியே கிடைத்துவிடும். ஆனால் பட்டியலில் நர்ஸ் என்று மொட்டையாக இல்லை, பிரிவு பிரிவாகத்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள பட்டியலை எடுத்து, உங்கள் பணியின் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். அதற்கும் கவுன்சில் பதிவு கட்டாயம் வேண்டும். எப்படிச் சுற்றினாலும் பதிவில்தான் வந்து நிற்பீர்கள்.

நீங்கள் டயாலிசிஸ் நர்ஸ் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். இங்கே அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இயந்திரம் குறைவு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே முதலிடம். 1997இல் தியாகராஜ் சூப்ரமோனி என்பவர் இதே டர்பனில், கடற்கரையை ஒட்டிய அடிங்டன் மருத்துவமனையில் தனக்கு டயாலிசிஸ் வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார். நாற்பத்தொரு வயது, சர்க்கரை நோயும் இதய நோயும் இருந்தன. இருக்கும் வளத்தை வைத்து மருத்துவமனை வகுத்த விதி நியாயமானதே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில நாட்களில் அவர் இறந்துவிட்டார். இந்நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். உங்களுக்கு வேலை கிடைத்தால் அது அநேகமாகத் தனியார் டயாலிசிஸ் மையத்தில், மருத்துவக் காப்பீடு உள்ள நோயாளிகளுக்காக இருக்கும். காப்பீடு இல்லாதவரைத் திருப்பி அனுப்பும் நாளும் வரும். அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டு வாருங்கள்.

வேலையின் தன்மையும் வேறு. பெரும்பாலான மருத்துவமனைகளில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தனியார் மருத்துவமனையில் டாக்டர்கள் பெரும்பாலும் மருத்துவமனையின் சம்பள ஊழியர்கள் அல்லர். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். மதுரையில் ஐ.சி.யூ.வில் திரும்பினால் ஒரு டியூட்டி டாக்டர் இருப்பார். இங்கே நான் சேர்ந்த முதல் மாதத்தில், இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு, அவரை எழுப்பலாமா, திட்டுவாரோ என்று தயங்கி நின்றேன். பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த ஜூலு சிஸ்டர் ஒருவர் வந்து, என் கையில் இருந்த சார்ட்டைத் திருப்பி, நான்கு எண்களைப் பேனாவால் சுழித்துக் காட்டினார். “இந்த நான்கையும் சொல். உனக்கு என்ன வேண்டும் என்று கேள். மன்னிப்புக் கேட்காதே” என்றார். அப்படியே சொன்னேன். டாக்டர் மருந்தின் அளவை மாற்றச் சொல்லிவிட்டு, இருபது நிமிடத்தில் நேரிலும் வந்துவிட்டார். நம் ஊரில் டாக்டர் சொன்னதைச் செய்யப் பழகிய நமக்கு, டாக்டரிடம் கேட்டு வாங்குவது புதிய பழக்கம். நேர்காணலிலேயே இதைத்தான் சோதிப்பார்கள்: நோயாளிக்கு இப்படி ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். “டாக்டரிடம் தெரிவிப்பேன்” என்று மட்டும் சொன்னால் போதாது. நீங்கள் கண்டது என்ன, செய்தது என்ன, டாக்டரிடம் கேட்டது என்ன என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

அரசு கிளினிக்குகளில் இது இன்னும் ஒரு படி மேலே. அங்கே நோயாளியைப் பரிசோதிப்பதும் பல நோய்களுக்கு மருந்து எழுதித் தருவதும் பதிவு பெற்ற நர்ஸ்தான். 2010 முதல் பயிற்சி பெற்ற நர்சுகளே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கிக் கொடுக்கிறார்கள். எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள் இந்த நாட்டில் ஏறக்குறைய 80 லட்சம் பேர். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்தச் சுமை மிக அதிகம். காசநோயும் கூடவே வரும். ஊசி குத்திவிட்டால் பதறாதீர்கள், மறைக்கவும் மறைக்காதீர்கள். உடனே தெரிவித்து, முடிந்தவரை அதே மணி நேரத்தில், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எனக்கு ஒரு முறை அப்படி ஆயிற்று. அந்த 28 நாளும் வயிற்றைப் புரட்டியது, சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு வேளையும் தவறவிடவில்லை. நலமாக இருக்கிறேன்.

மொழி விஷயத்தில், இங்கே தமிழே போதும் என்று அக்கா சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் கோயில், காவடி, முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. தமிழ் பேசுபவர்கள் குறைவு. வீட்டு மொழி ஆங்கிலமாகி நெடுங்காலம் ஆகிறது. வார்டில் வரும் நோயாளிகள் பலர் ஜூலு பேசுபவர்கள். “சாவுபோனா, கோகோ” என்று ஒரு பாட்டிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, “குபுஹ்லுங்கு குபி?” என்று எங்கே வலிக்கிறது என அவர் மொழியில் கேட்டுப் பாருங்கள், இறுகிய முகம் இளகிவிடும். நான் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் தமிழ் எழுத்தில் ஜூலுச் சொற்களை எழுதிச் சீருடைப் பையில் வைத்திருந்தேன். ஆனாலும் ஓர் இரவு, தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவர் மயக்கம் தெளிந்து “தண்ணீர்” என்று கேட்டார். அவருடைய மகளுக்கே அந்தச் சொல் புரியவில்லை. நான் ஓடிப்போய்க் கரண்டியில் நீர் ஊற்றினேன். “யார் வீட்டுப் பிள்ளை நீ?” என்று தமிழில் கேட்டார்.

சம்பளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசுப் பணியில் தொடக்க நிலை நர்சுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் ராண்டுக்குச் சற்று மேல். ஒரு ராண்ட் ஏறக்குறைய ஐந்து இந்திய ரூபாய். தனியாரில் இடத்தையும் பிரிவையும் பொறுத்துக் கூடும், குறையும். இதிலிருந்து வரி போகும். பாதுகாப்பான பகுதியில் வாடகை போகும். இரவு டூட்டி முடிந்து வர நம்பகமான வண்டிச் செலவு போகும். மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பலாம், ஆனால் வளைகுடா போல மிச்சம் நிற்காது. மூன்று லட்சம் கடன் வாங்கி வந்தால், முதல் ஆண்டு முழுவதும் அந்தக் கடனுக்கே உழைப்பீர்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் இருக்கிறது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். மூன்று லட்சம் கேட்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. புகார் கொடுக்கச் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. நேர்மையான வாய்ப்புகளுக்கு, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். 1978 முதல் இயங்கும் அரசு நிறுவனம் அது.

இதே கேள்வியோடு வரும் டாக்டர்களுக்கும் பிசியோதெரபி, ரேடியோகிராபி படித்தவர்களுக்கும் ஒரு வரி. உங்களுக்கு நர்சிங் கவுன்சில் இல்லை, சுகாதாரத் தொழில்கள் கவுன்சில். டாக்டர்களின் பட்டம் முதலில் அமெரிக்காவில் உள்ள அமைப்பு ஒன்றின் வழியாகச் சரிபார்க்கப்பட்டு, பிறகு இங்கே தேர்வு எழுத வேண்டியிருக்கும். மருந்தாளுநர்களுக்குத் தனிக் கவுன்சில். சுகாதாரத் துறையின் ஆதரவுக் கடிதம் எல்லோருக்கும் பொது.

உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் நான் என்ன சொல்வேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். இங்கிலாந்தையும் சேர்த்துப் பார் என்றுதான் சொல்வேன். அங்கே பராமரிப்புப் பணியாளர் விசாவில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டார்கள். இன்றும் அதைச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் ஏமாற்றுகிறார்கள். பதிவு பெற்ற நர்சுக்கான வழி திறந்திருக்கிறது. அங்குள்ள நர்ஸ் பதிவுக்கான கணினித் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம், செய்முறைத் தேர்வை அங்கே போய் முடிக்கலாம். அங்கும் ஆள் எடுப்பது முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் வாசல் எது, படி எது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த டர்பன் நர்சுகளிலேயே மூன்று பேர் அந்த வழியில் போய்விட்டார்கள். ஒருவர் சவூதிக்குப் போனார்.

அதற்கு மேலும் டர்பன்தான் வேண்டும், அக்காவின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால், அந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். நானும் இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். அக்காவை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். டர்பனில் உள்ள தனியார் டயாலிசிஸ் மையங்களுக்கு நேரில் போய், வெளிநாட்டு நர்சுக்கு ஆதரவுக் கடிதம் வாங்க அவர்கள் முன்வருவார்களா என்று மனிதவளப் பிரிவில் கேட்கட்டும். முன்வரும் நிறுவனத்தின் பெயரை எழுத்தில் வாங்கட்டும். நீங்கள் அதற்குள் ஊரில் செய்ய வேண்டியவற்றைத் தொடங்குங்கள். மணிக்கணக்கோடு டிரான்ஸ்கிரிப்ட், பெயருக்கான பிரமாணப் பத்திரம், எத்தனை இயந்திரங்களை எத்தனை நோயாளிகளுக்கு இயக்கினீர்கள் என்று குறிப்பிடும் அனுபவச் சான்று, சிறுநீரக நர்சிங்கில் ஏதாவது முறையான சான்றிதழ்ப் படிப்பு. இவை எந்த நாட்டுக்குப் போனாலும் வீணாகாது. போலீஸ் நற்சான்றையும் மார்பு எக்ஸ்ரேயையும் மட்டும் இப்போதே எடுத்துவிடாதீர்கள். விசாவுக்கு ஆறு மாதத்துக்கு உட்பட்ட தாள்தான் செல்லும்.

அக்காவைப் பார்க்க மட்டும் வர வேண்டுமென்றால் தாராளமாகச் சுற்றுலா விசாவில் வாருங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் எடுத்து, அங்கே விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் ஒரு நாள் நான் உங்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், டயாலிசிஸ் பிரிவின் சிஸ்டரிடம் அறிமுகப்படுத்துகிறேன். திரும்பிப் போகும் டிக்கெட்டோடு வாருங்கள்.